சும்மா உட்காருவதற்கான அனுமதி

நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைக் கெடுக்க நினைக்கிற கெட்டிக்காரர்கள் அதைத் தடை செய்ய மாட்டார்கள். தடை செய்தால் ஜனங்கள் திருட்டுத்தனமாகவாவது அதைச் செய்து சந்தோஷப்பட்டுவிடுவார்கள். கெட்டிக்காரர்கள் அதற்கு ஒரு வாரியம் அமைப்பார்கள். கைகண்ட மருந்து அது.

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் அப்படி ஒன்று அமைந்தது. பெயர், உல்லாசப் பயண ஒழுங்கு வாரியம். ஜனங்கள் விடுமுறைக்குப் போய் நாய்படாத பாடு பட்டு, போனதைவிடக் களைத்துத் திரும்புகிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்தில் புலம்பியிருக்கிறார். மேலிடம் உருகிவிட்டது. அன்றிலிருந்து வெளியூரில் இரவு தங்குகிற எவரும் தன் பயணத் திட்டத்தை எழுதிக் கொடுத்து, அது நெகிழ்வாகவும் நிதானமாகவும் இருக்கிறது என்று வாரியத்திடம் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவருக்கு லாட்ஜில் அறை கிடையாது, ஏரிப் பூங்காவில் நுழைவு கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு சீட்டுதான். அடிக்கடி ஓய்வெடுத்தால் உடம்பு வணங்காமல் போய்விடுமாம். வாரியக் கட்டடத்தின் நெற்றியில் பெரிய எழுத்தில் ‘நெகிழ்வே நமது நெறி’ என்று எழுதியிருக்கும். அதற்கு அடியில் சின்ன எழுத்தில், ‘மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று இருக்கும்.

அந்த எழுத்துக்கு அடியில் ஒரு திங்கட்கிழமை காலை பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்து நின்றார்கள்.

இவர்கள் பயணம் போகிற ஜாதியே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து கடைதான். கோழி கூவுமுன் அவர் அடுப்படிக்குப் போவார்; கதவு திறந்ததும் அந்த அம்மாள் கல்லாவுக்குப் பின்னால் போய் நிற்பார். நிற்பார் என்றால் நிற்பார்தான். அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதில் காலி ட்ரேக்கள் உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு தடவை, பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு டூர் கம்பெனி பஸ்ஸில் இருவரும் மலை பார்க்கப் போனார்கள். கூட்டிக்கொண்டு போனவன் வாயில் விசிலோடு பிறந்தவன். இறங்கு என்றால் விசில், ஏறு என்றால் விசில். கழிப்பறை வரிசையில் நின்றபடி எட்டிப் பார்த்ததில் மலையின் இடது தோள் மட்டும் அந்த அம்மாளுக்குத் தெரிந்தது. வீங்கின காலோடு வீடு வந்து சேர்ந்ததும் ஒரே வார்த்தை சொன்னார்.

“இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்க. நின்னுக்கிட்டே பாக்கறதுக்கு நம்ம கடையே போதும்.”

அது பேக்கரிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தது தைத்தபடி கிடந்தது, எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அப்படியிருக்கும்போதுதான் அடுப்பின் அடித்தளம் விரிசல் விட்டது. கொத்தனார் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மொத்தத்தையும் பிரித்துப் போட்டுப் புதுச் செங்கல் வைத்துக் கட்டினார்.

“ஈரத்தோட தீ மூட்டினா வெடிச்சிடும்ணே. காயட்டும். காஞ்சதும் நானே ஃபோன் பண்றேன். அதுவரைக்கும் அண்ணியக் கூட்டிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க” என்றார்.

ஆக, அடுப்பு காய்கிற வரைக்கும் லீவு. இந்த மாதிரி லீவு இன்னொன்று வர வேண்டுமானால் இந்தப் புது அடுப்பும் விரிசல் விட வேண்டும். அதற்குள் இரண்டு பேருக்கும் மூட்டு விரிசல் விட்டுவிடும். பேக்கரிக்காரர் மனைவியிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

“ஏரிக்குப் போலாமா?”

“போனா உக்காரணும்.”

“உக்காரலாம்.”

“யாரும் வந்து எந்திரின்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டாங்க. சத்தியமா.”

சத்தியம் செய்தவர் அன்றே கேக் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் திட்டத்தை எழுதினார். அது இதுதான்:

முதல் நாள்: பஸ். போய்ச் சேர்ந்ததும் தூக்கம். சாயங்காலம் ஏரிக்கரை.
இரண்டாம் நாள்: விழிப்பு வரும்போது எழுந்திருப்பது. பிடித்தால் படகு. மத்தியானம் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது.
மூன்றாம் நாள்: முடிந்தால் கோட்டை. முடியாவிட்டால் சும்மா.

இதைவிட நெகிழ்வான, நிதானமான பயணத் திட்டத்தை மனிதர் எவரும் எழுதியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் என் அபிப்பிராயத்தைக் கேட்டு எந்த வாரியமும் நடப்பதில்லை.

முதலில் அவர்களைப் பார்த்தவர் நெகிழ்வு அலுவலர். அவருக்குக் கழுத்தில் ஏதோ வாயுப்பிடிப்பு. கெட்டியான பட்டை ஒன்று போட்டிருந்தார். வலப்பக்கம் பார்க்க வேண்டுமானால் நாற்காலியோடு சேர்ந்து திரும்புவார். அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

“‘பிடித்தால் படகு’ன்னு போட்டிருக்கியே. பிடிக்குமா, பிடிக்காதா?”

“அங்க போனாத்தான் சார் தெரியும்.”

“போனாத்தான் தெரியும்னா அப்புறம் திட்டம் எதுக்குப்பா? பிடிச்சா ஒரு திட்டம், பிடிக்காட்டி ஒரு திட்டம், பாதி பிடிச்சா ஒரு திட்டம். ஒவ்வொண்ணும் மூணு நகல். இதுக்குப் பேர்தான் நெகிழ்வு. உன் இஷ்டத்துக்கு ஏதோ பண்ணிட்டுத் திரிஞ்சா அதுக்குப் பேர் வேற.”

பேக்கரிக்காரர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அலுவலர் தொடர்ந்தார்.

“திடீர் விருப்பம் ஏதாவது உண்டா?”

“புரியலீங்க.”

“வழியில திடீர்னு ஒரு இடத்துல இறங்கணும்னு தோணும், திடீர்னு ஐஸ்கிரீம் சாப்பிடணும்னு தோணும். நாங்க அதையெல்லாம் தடுக்கல. நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடணும், அவ்வளவுதான். என்ன கிழமை, எத்தனை மணிக்குத் திடீர்னு தோணும்?”

“அது எப்படி சார் இப்பவே...”

“வியாழக்கிழமைன்னு போடுங்க” என்றார் மனைவி. அவருக்குக் கால் வலித்தது. விண்ணப்பதாரர்களுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

அதற்கடுத்து வியப்பு. எந்தெந்த இடத்தில் வியக்கப்போகிறீர்கள் என்று குறிப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வியப்புக்கு மேல் இரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்று வாரியத்தின் மருத்துவ ஆலோசகர் கண்டுபிடித்திருக்கிறார். பேக்கரிக்காரர் ஏரிக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று என்று பங்கிட்டுக் கொடுத்தார். கோட்டைக்குப் போகாவிட்டால் அந்த வியப்பை ஏரிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று பவ்வியமாகக் கேட்டும் வைத்தார். மாற்ற முடியாது, காலாவதியாகிவிடும் என்று பதில் வந்தது.

அப்போதுதான் அலுவலரின் விரல் அந்தச் சொல்லில் வந்து நின்றது.

“இது என்ன, ‘சும்மா உட்கார்ந்திருப்பது’? சும்மான்னா?”

“சும்மான்னா... சும்மாதான் சார்.”

அலுவலர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். உட்கார்ந்து ஓய்வெடுத்தல் இருந்தது. உட்கார்ந்து ரசித்தல் இருந்தது. உட்கார்ந்து தியானித்தல், உட்கார்ந்து உரையாடுதல், உட்கார்ந்து உண்ணுதல், எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் இருந்தது. சும்மாவுக்கு எண் இல்லை.

“ஏரிய ரசிப்பீங்க இல்ல? ‘ரசித்தல்’னு போட்டுடட்டுமா?”

போடுங்கள் என்று சொல்லப் பேக்கரிக்காரர் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டார்.

“அப்படிப் போட்டா, நாங்க ரசிக்கிறோமா இல்லையான்னு பாக்க ஆள் வருமா?”

“வரும் அம்மா. அதுக்குன்னு களப் பணியாளர் இருக்காங்க. உதட்டைக் கவனிப்பாங்க.”

“அப்ப வேணாம். சும்மான்னே இருக்கட்டும்.”

நெகிழ்வு அலுவலர் பெருமூச்சு விட்டு அட்டையில் ஒரு சிவப்புச் சீட்டைக் குத்தினார். ‘சொற்பொருள் விளக்கம் தேவை’ என்று அதில் எழுதியிருந்தது. கூப்பிடுகிற வரைக்கும் கூடத்துப் பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார். கூப்பிடும்போது தூங்கிக்கொண்டிருந்தால் விண்ணப்பம் முதலிலிருந்து தொடங்கும் என்பதையும் அன்போடு நினைவூட்டினார்.

கூடம் நீளமானது. இந்தச் சுவரோரம் பெஞ்சு. எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு ஏரியின் போஸ்டர். ஈரம் ஊறி ஏரியின் மேல் பாதி பழுப்பாகிவிட்டது. அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. ஆனால் முதுகு சாயவில்லை, கண் மூடவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் வாசலில் ஒருவர் வந்து “அடுத்து!” என்று கத்துவார். யார் அடுத்து என்று சொல்ல மாட்டார். கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள், ஒருவர் போவார், மற்றவர்கள் உட்காருவார்கள். மத்தியானத்துக்குள் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்த கணக்கைப் பார்த்தால் கல்லாவே தேவலை போலிருந்தது.

மறுநாள் சொல்லாய்வுக் குழுவின் அறிக்கை வந்தது. மூன்று பண்டிதர்கள் ராத்திரியெல்லாம் கண் விழித்து, சும்மா என்ற சொல்லைக் கசக்கிப் பிழிந்திருந்தார்கள். சும்மா என்றால் இலவசமாக என்றும் பொருளுண்டு. ஆகவே கணக்குப் பிரிவு பார்க்க வேண்டும். சும்மா சொன்னேன் என்றால் பொய் சொன்னேன் என்று பொருள்; ஆகவே கண்காணிப்புப் பிரிவு பார்க்க வேண்டும். அதோடு, திட்டத்தில் இந்தச் சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒரு சும்மாவோடு இன்னொரு சும்மாவைக் கூட்டினால் ‘சும்மா சும்மா’ ஆகிறது. அது தொந்தரவு செய்யும் நோக்கத்தைக் காட்டுகிறது.

கணக்குப் பிரிவில் இருந்தவர் வெற்றுக் கையை விரித்துக் காட்டினார்.

“ஏரிக்கரையில சும்மா உக்காரலாம்னு உனக்கு யார் சொன்னது? இந்த உலகத்துல சும்மா என்னப்பா கிடைக்குது?”

“காசு கொடுத்தே உக்காந்துடறோம் சார்.”

“காசு கொடுத்துட்டா அப்புறம் அது எப்படிச் சும்மா ஆகும்? பொய்த் தகவல் ஆயிடாதா?”

பொய்த் தகவல் என்று வாயில் வந்ததும் ஃபைல் தானாகக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கே, அட்டையில் எழுதியது சும்மாவா, நிஜமாகவா என்று பேக்கரிக்காரரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சும்மா என்று எழுதினால் திட்டமே பொய்யாகிவிடும். நிஜம் என்று எழுதினால், அப்படியானால் எதற்குச் சும்மா என்று எழுதினாய் என்பார்கள். பேக்கரிக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார். அவர் வாழ்க்கையில் எழுதிய பெரிய எழுத்தெல்லாம் கேக்கின் மேல் கிரீமால் எழுதிய ‘வாழ்த்துகள்’தான். அதில் யாரும் பொருள் கேட்டதில்லை.

பெஞ்சுக்குத் திரும்பியபோது கைப்பேசி அடித்தது. கொத்தனார்.

“அண்ணே, அடிப்பக்கம் நல்லாக் காஞ்சுடுச்சு. வளைவு மட்டும்தான் கொஞ்சம் ஈரம். நீங்க எங்க, ஏரியிலயா? காத்து நல்லா வருதா?”

பேக்கரிக்காரர் உச்சியில் கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

“வருது, வருது” என்றார்.

“அண்ணிக்குப் பிடிச்சிருக்காமா?”

அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். புருஷனைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரில் இருந்த பழுப்பு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் கைப்பேசியை அணைத்தார். அந்த நேரத்தில் மனைவி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அந்த அம்மாள் திட்டவில்லை.

“வேற ஏதாவது எழுதிக் கொடுத்துடட்டுமா? தியானம்னு போட்டுடலாம். கண்ண மூடிக்கலாம் இல்ல?” என்று கெஞ்சினார்.

“கண்ண மூடிக்கிட்டு ஏரிய எப்படிங்க பாக்கறது?” என்றார் மனைவி.



அதற்கடுத்த நாள் நிதானச் சோதனை. பயணத்தில் அவசரப்படுகிற சுபாவம் உண்டா என்று நடக்க விட்டுப் பார்ப்பார்களாம். நிதான ஆய்வாளர் ஒல்லியானவர். கழுத்தில் நாடாவோடு ஸ்டாப்வாட்ச் தொங்கியது. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்க மாட்டார்.

“வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க. இந்தக் கோட்டுலேர்ந்து அந்தக் கோடு வரைக்கும் நிதானமா நடந்து காட்டுங்க. ம், ஆரம்பிங்க! என்ன நிக்கறீங்க? இன்னும் எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?”

அந்த அம்மாள் நடந்தார். சூடு ஆறுவதற்குள் ட்ரேயைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நடை அது. வருஷக்கணக்கில் காலில் ஊறியது. நாலு எட்டில் தாழ்வாரத்தின் மறுமுனைக்குப் போய்விட்டார்.

“தப்பு! ரொம்ப வேகம். உங்களுக்கு ஓய்வெடுக்கற தகுதியே இல்லியேம்மா!” என்று ஆய்வாளர் அலறினார். “இப்படி ஓடினா களைப்பு வரும். களைப்பு வந்தா வாரியத்துக்குக் கெட்ட பேரு. மறுபடி நடங்க. சீக்கிரம், சீக்கிரம், சாப்பாட்டு நேரமாச்சு. மெதுவா நடங்க!”

மறுபடி நடந்தார். மறுபடி தப்பு. ஐந்தாவது தடவைதான் அவர் கால் நிஜமாகவே ஓய்ந்து, இழுத்து இழுத்து நடந்தார்.

“அருமை! இதான் நிதானம்!” என்று ஆய்வாளர் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு, கோட்டைத் தாண்டிக் குதித்து சாப்பிட ஓடினார்.

வாரக் கடைசியில் வாரியத்துக்கு நிதான வார விழா வந்தது. கூடத்திலேயே மேடை போட்டார்கள். காத்திருக்கிறவர்கள் கைதட்ட வேண்டும் என்று உத்தரவு. இயக்குநர் வந்தார். குறித்த நேரத்துக்கு வெகு நேரம் கழித்து, மூச்சு வாங்க வந்து, மைக்கைப் பிடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எனக்கு அடுத்த கூட்டம் இருக்கு. அதனால நிதானத்தைப் பத்தி வேகமாச் சொல்லிடறேன். இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி லட்சக்கணக்கான ஜனங்க ஏரிக்குப் போய் களைச்சுப் போய்த் திரும்பினாங்க. போன வருஷம் களைச்சுத் திரும்பினவங்க எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல!”

கைதட்டல்.

“ஏன்னா, போனவங்களே ஒருத்தர்கூட இல்ல. பிரச்சினைய வேரோட பிடுங்கிட்டோம்!”

இதற்கும் கைதட்டினார்கள். இயக்குநருக்கு உற்சாகம் பிறந்தது. அடுத்த கூட்டத்தை மறந்துவிட்டார்.

“இவருக்கு உல்லாசத்தைப் பத்தி என்ன தெரியும்னு சில பேர் பேசறாங்க. முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல. என் வீட்டுக்காரி தலையால தண்ணி குடிச்சுப் பாத்தா, ‘ஒரே ஒரு தடவை அந்த ஏரியக் காட்டுங்க’ன்னு. நான் சொன்னேன், ‘ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது, ஃபைல் ஓடிப் போயிடும்’னு. இப்பல்லாம் அவ கேக்கறதே இல்ல. பேசறதே இல்ல. வீட்டுல அப்படி ஒரு அமைதி! அதாங்க உல்லாசம். அதுக்கு ஏரி வரைக்கும் போகணுமா?”

கூடம் அதிர்ந்தது. பெஞ்சில் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டவில்லை. இயக்குநர் மேடையை விட்டு இறங்கி வரும்போது அதைக் கவனித்துவிட்டார்.

“யார் இவங்க? இங்க என்ன பண்றாங்க?”

பேக்கரிக்காரர் பதறி எழுந்தார். மனைவி எழவில்லை. அவருக்கு எழுந்து எழுந்து அலுத்துவிட்டது.

“சும்மா உக்காந்திருக்கோம் சார்” என்றார் அந்த அம்மாள், உட்கார்ந்தபடியே.

நெகிழ்வு அலுவலர் ஆளே முழுதாகத் திரும்பினார். இயக்குநரின் காதுக்குப் பக்கத்தில் போய், மூன்று பிரிவும் முட்டி மோதி நிற்கிற ஃபைலின் கதையைச் சொன்னார். இயக்குநர் கேட்கக் கேட்க முகம் மலர்ந்தார். பெரிய மனிதர்களுக்கு யோசனை வரும்போது பக்கத்தில் இருக்கிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

“எப்பலேர்ந்து உக்காந்திருக்காங்க?”

“திங்கட்கிழமையிலேர்ந்து சார்.”

“நிழல் இருக்கா?”

“கூரை இருக்கு சார்.”

“தண்ணி, கழிப்பறை?”

“பக்கத்துலயே சார்.”

“எதிர்ல என்ன?”

எல்லோரும் போஸ்டரைப் பார்த்தார்கள்.

“ஏரி சார்.”

“களைப்பு?”

நிதான ஆய்வாளர் முன்னால் குதித்து வந்தார். “வாய்ப்பே இல்ல சார். பெஞ்சுக்கும் ஏரிக்கும் நடுவுல நடக்க வேண்டியதே இல்ல.”

“நெகிழ்வு?”

“பெஞ்சுல இந்தக் கோடியிலயும் உக்காரலாம், அந்தக் கோடியிலயும் உக்காரலாம் சார்” என்றார் நெகிழ்வு அலுவலர்.

“அப்ப சும்மான்னா என்னன்னு இதைவிட ஒரு விளக்கம் வேணுமாய்யா? உயிரோட ரெண்டு பேர் உக்காந்து காட்டியிருக்காங்க! முத்திரைய எடுங்க.”

கேக் பெட்டி அட்டையின் மேல் டப்பென்று விழுந்தது: ‘பயணம் இனிதே நிறைவேறியது.’

பேக்கரிக்காரருக்கு விஷயம் மண்டையில் ஏற ஒரு கணம் ஆயிற்று. ஏறியதும் குரல் உடைந்தது.

“சார், நாங்க இன்னும் கிளம்பவே இல்ல சார்!”

“கிளம்பாமலே முடிச்சதுதாம்ப்பா சாதனை. அஞ்சு வருஷம் கழிச்சு வா, அடுத்த பயணத்தையும் முடிச்சுத் தர்றோம்.”

இயக்குநர் இருவருக்கும் நடுவில் நின்று படமெடுத்துக்கொண்டார். வாரியத்தின் முதல் வெற்றிகரமான பயணிகள் அல்லவா? போஸ்டரைப் பார்த்துக் கொஞ்சம் வியக்கும்படி படமெடுப்பவர் கேட்டுக்கொண்டார். பேக்கரிக்காரர் வியந்தார். அந்த அம்மாள் இயக்குநரைப் பார்த்துத்தான் வியந்தார்.

வெளியே வந்து படி இறங்கும்போதே கைப்பேசி அடித்துவிட்டது.

“அண்ணே, வளைவும் காஞ்சுடுச்சு. காலையில தீ மூட்டிடலாம். மாவு பிசையற ஆளுக்குச் சொல்லிடவா?”

“சொல்லிடு” என்றார் பேக்கரிக்காரர். வேறு என்ன சொல்வார்?

அவருக்கு அழுகை வந்தது. மனைவிக்கு முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. ஒரு இடத்தில் உட்கார வைக்கிறேன் என்று சத்தியம் பண்ணிக் கூட்டி வந்து, இத்தனை நாளும் எழுந்து எழுந்து நிற்க வைத்து, தாழ்வாரத்தில் நடக்க விட்டு, பரீட்சை வைத்து, கடைசியில் படமும் எடுக்க விட்டாயிற்று. அந்த விசில்காரனே மேல் என்று தோன்றியது. அவனாவது மலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஊதினான்.

“வா, பஸ்ஸுக்குப் போலாம். கூட்டம் வந்துடும்” என்றார்.

மனைவி வரவில்லை. வாரியத்தின் வாசலுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கால்வாய்க்கு மேலே ஒரு சின்னக் கட்டைச்சுவர் இருந்தது. மேலே மர நிழல். அந்த அம்மாள் ரோட்டைத் தாண்டிப் போய், முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு, அதில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“இங்கயா?” என்றார் பேக்கரிக்காரர்.

“ஏன், இங்க சீட்டு கேக்கறாங்களா? உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“சத்தியம் பண்ணினேன். ஒண்ணும் நடக்கல. என்னை என்ன வேணா சொல்லு.”

“அப்புறமாச் சொல்றேன். கொஞ்ச நேரம் பேசாம இருங்க.”

கால்வாயில் தண்ணீர் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இலை ஒன்று எப்படியோ நகர்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்தார். முதுகைப் பின்னால் இருந்த மரத்தில் சாய்த்தார்.

அப்போது வாரியத்தில் மணி அடித்தது. வேலை நேரம் முடிந்தது.

மணி ஓய்வதற்குள் கதவு இரண்டும் படாரென்று திறந்து, உல்லாசப் பயண ஒழுங்கு வாரியம் மொத்தமாக ரோட்டில் கொட்டியது. கணக்குப் பிரிவு கண்காணிப்புப் பிரிவை இடித்துத் தள்ளிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடியது. சொல்லாய்வுப் பண்டிதர்கள் மூவரும் ஒரே ஆட்டோவுக்குச் சண்டை போட்டார்கள். நெகிழ்வு அலுவலர் வாசல் கம்பிக் கதவில் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டார். திரும்பவும் முடியாமல், குனியவும் முடியாமல் நின்று கத்தினார். இயக்குநரின் கார் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு ஹாரனை விடாமல் அடித்தது.

முதலில் அந்த அம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பேக்கரிக்காரர் திரும்பினார். மனைவி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, புருஷன் கையைப் பிடித்து, “அங்க பாருங்க, அங்க பாருங்க” என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவருக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது.

கடைசியாக நிதான ஆய்வாளர் ஓடிவந்தார். சட்டை வெளியே வந்துவிட்டது. ஸ்டாப்வாட்ச் மார்பில் டங்டங்கென்று அடித்தது. கட்டைச்சுவரில் இவர்களைப் பார்த்ததும் அவருக்குக் கடமை உணர்ச்சி முட்டிக்கொண்டு வந்தது. நின்றார்.

“என்ன, இங்க உக்காந்துட்டீங்க? உங்க பயணம்தான் முடிஞ்சுடுச்சே? இது எந்தப் பிரிவு?”

“வேடிக்கை பாக்கறோம் சார்” என்றார் அந்த அம்மாள்.

“வேடிக்கையா? அதுக்கு யார் அனுமதி...”

பஸ் உறுமிக்கொண்டு நகர ஆரம்பித்தது. ஆய்வாளர் இவர்களைப் பார்த்தார்; பஸ்ஸைப் பார்த்தார்; மறுபடி இவர்களைப் பார்த்தார். பிறகு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார்.

அந்த அம்மாள் வாயில் கை குவித்துப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சார்! கொஞ்சம் மெதுவா ஓடுங்க சார், சரியாப் பாக்க முடியல!”